அளவு பெரிய இருக்கை

குழு: கவுந்தப்பாடி வீடு

ஞாயிற்றுக்கிழமை

தம்பி (மாலை 5:48): கார்ட் பந்தயத்தில் பாப்பாவுக்கு மூன்றாம் இடம்! எட்டாவதாகப் புறப்பட்டவள் மூன்றாவதாக வந்துவிட்டாள். கடைசிச் சுற்றில் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாக நுழைந்தாள் பாருங்கள், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். வீடியோ அனுப்புகிறேன்.

அக்கா பெருந்துறை (5:51): என் தங்கமே! கோப்பையைவிட அவள் முகம்தான் பளபளக்கிறது.

நங்கை சோமனூர் (5:55): வாழ்த்துகள் கண்ணு. அத்தை வரும்போது தேங்காய் பர்பி கொண்டு வருகிறேன்.

அண்ணன் சோமனூர் (6:10): சந்தோஷம். பரிசுப் பணம் எதுவும் உண்டா?

தம்பி (6:11): கோப்பையும் சான்றிதழும்தான் அண்ணா.

அண்ணன் சோமனூர் (6:12): சரி.

அப்பா (6:40): பிள்ளை நன்றாக இருக்கட்டும். சாப்பிட்டாளா என்று அம்மா கேட்கிறாள்.

நான் (இரவு 10:36): சாப்பிட்டாள் அப்பா. அரிசி பருப்புச் சாதமும் நெய்யும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குழுவில் எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். நம் வீட்டுக்குள் மறைத்து என்ன ஆகப்போகிறது?

தலைக்கு ஊற்றிவிடும்போது பார்த்தேன். இடது விலாவில் என் உள்ளங்கை அகலத்துக்கு நாவற்பழ நிறத்தில் கன்றியிருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சள் பாய்ந்துவிட்டது. அப்படியென்றால் இன்று பட்டது இல்லை. சோப்பு போடக் கை வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமைப் பயிற்சியிலிருந்தே வலியாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "டயருக்கு அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டார் அம்மா. நான் ஓட்டவில்லை என்றால் அது வீண்தானே" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை.

அக்கா பெருந்துறை (10:39): மூச்சை இழுத்து விடும்போது குத்துகிறதா? இருமினால்? காய்ச்சல் இருக்கிறதா?

நான் (10:41): ஆழமாக இழுத்தால் குத்துகிறது என்கிறாள். காய்ச்சல் இல்லை.

அக்கா பெருந்துறை (10:44): காலையில் முதல் வேலையாக எலும்பு மருத்துவரிடம் காட்டு. அதுவரை துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பத்து நிமிடம். துணியால் மார்பை இறுக்கிக் கட்டிவிடாதே. அந்தக் காலத்தில் கட்டுவார்கள், இப்போது வார்டில் நாங்கள் யாரும் கட்டுவதில்லை. கட்டினால் வலிக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும் விடுவாள், சளி தேங்கிவிடும். மணிக்கு ஒரு தடவையாவது மெதுவாக ஆழ மூச்சு எடுக்கச் சொல். தூங்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்துச் சற்றுச் சாய்ந்த மாதிரி படுக்க வை.

அண்ணன் சோமனூர் (10:52): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன் சோமனூர் (10:58): கோபத்தில் எழுதினேன், அழித்துவிட்டேன். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். வளர்கிற பெண் பிள்ளைக்கு இது எதற்கு மாப்பிள்ளை? நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய அப்பாவே ராலி ஓட்டியவர். நாம் தறி ஓட்டுகிறோம், நீங்கள் லேத் ஓட்டுகிறீர்கள். சீட்டுப் பணம் அவள் படிப்புக்கு என்று போட்டது. வண்டியை விற்றுவிடுங்கள். வாங்க ஆள் இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.

திங்கட்கிழமை

நான் (காலை 11:20): எக்ஸ்ரே எடுத்தாயிற்று. முறிவு இல்லை. தசையும் எலும்பின் மேலும் நல்ல அடி. மூன்று நான்கு வாரம் ஆகலாம், ஆறு வாரம்கூட இழுக்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை வண்டியில் ஏறக் கூடாது.

நங்கை சோமனூர் (11:22): மாரியாத்தா காப்பாற்றினாள்.

பாப்பா அப்பா (பகல் 1:15): எல்லோருக்கும் வணக்கம். தப்பு என்னுடையது. எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் மன்னிப்பு கேட்டால் போதாது.

கார்ட் என்பது சின்னப் பந்தய வண்டி. இதற்குப் பட்டை வில்லும் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும், இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிபரன்ஷியல் காரில் உண்டு, இதில் இல்லை. அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி திரும்பும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்சக்கரங்களின் சாய்வு அந்தத் தூக்கலைத் தொடங்கி வைக்கிறது. மீதியை ஓட்டுகிறவரின் உடம்பு இருக்கை வழியாகச் செய்கிறது. பெல்ட் என்பதே இதில் கிடையாது. ஆகவே உடம்பைப் பிடித்து வைப்பது இருக்கை மட்டும்தான். அது அளவாக இருந்தால் இடுப்பிலிருந்து விலா வரை ஒரே சீராகத் தாங்கும். பெரியதாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு நகர்ந்து போய், இருக்கையின் மேல் விளிம்பில் விலா இடிக்கும். ஒரே இடத்தில், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை.

நான் வாங்கியது பெரிய இருக்கை. ஜூன் மாதம் பள்ளிச் சீருடை எடுக்கும்போது வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்வோம் இல்லையா? அதே கணக்கில், அடுத்த வருடமும் ஆகும் என்று பழைய இருக்கை ஒன்றை ஒரு அளவு கூட்டி வாங்கினேன். இடைவெளிக்கு ஸ்பாஞ்ச் ஒட்டினேன். உட்கார்ந்து பார்த்தாள், சரியாக இருக்கிறது என்றாள். ஸ்பாஞ்ச் பத்துச் சுற்றில் அமுங்கிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக நூலில் ஒரு பங்கு அளவு தப்பினாலும் வேலையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறவன் நான். என் பிள்ளையின் உடம்பு அளவில் ஏமாந்துவிட்டேன்.

தம்பி (1:24): எனக்கும் பங்கு உண்டு. குறைந்தபட்ச எடைக்காக ஈயக் கட்டிகளை அந்த இருக்கையில் போல்ட் போட்டு முடுக்கியவன் நான்தான். ஓட்டம் முடிந்ததும் வண்டியையும் ஆளையும் சேர்த்து நிறுப்பார்கள், குறைந்தால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்த எடை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், விளிம்பை ஒரு தடவைகூடக் கையால் தடவிப் பார்க்கவில்லை.

அண்ணன் சோமனூர் (1:40): காரணம் புரிகிறது. அதற்காகத்தான் விற்றுவிடுங்கள் என்கிறேன்.

நான் (2:05): அண்ணா, நீங்கள் பயந்து பேசுகிறீர்கள் என்று தெரியும். எனக்கும் நேற்று முழுதும் தூக்கமில்லை. ஆனால் இதையும் கேளுங்கள்.

அவள் நரேன் ஆக வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. 2005-இல் அவர் ஜோர்டான் அணியில் பார்முலா ஒன் ஓட்டினார், இந்தியாவிலிருந்து முதல் ஆள். அப்படி எத்தனை பேர் வர முடியும்? அவள் சாயங்காலம் பட்டறைக்குப் போய் என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் வந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்கிறாள். வறுத்த காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடேறும், கறுத்துப் பிசுபிசுத்தால் பெட்ரோல் அதிகம். இதை அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடித்தால் பாதையின் வெளி ஓரத்தில் மண் படியும், அங்கே சக்கரம் போகக் கூடாது என்று நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறாள். போன வருடம் வகுப்பில் எழுந்து நிற்கவே கால் நடுங்கிய பிள்ளை.

கரிவர்தன் குறைந்த செலவில் நம் ஆட்களும் பந்தயம் ஓட்டட்டும் என்று மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்தவர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 2003-இல் பந்தயப் பாதை திறந்தார்கள். இந்த ஊரில் பம்பு செய்கிறவனும் லேத் ஓட்டுகிறவனும் பந்தயத்தை எட்டிப் பார்த்ததே அப்படித்தான். எனவே இது நமக்கு எட்டாத இடம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எனக்கு வலிக்கிற இடம் வேறு. வலி என்று அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையே, அதுதான். அதை நாங்கள்தான் அடைத்திருக்கிறோம். டயர் விலையைப் பிள்ளை காதில் விழப் பேசியது நாங்கள்.

அப்பா (மாலை 4:30): படித்தேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். பொறுங்கள்.

அப்பா (4:41): ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் ஓட்டின காலத்தில் நம் கொட்டத்தில் ஒரு மயிலைக் காளை இருந்தது. காங்கேயம். பெரியவனுக்கு நினைவிருக்கும்.

அப்பா (4:53): தினமும் விடிகாலை நுகத்தடி படுகிற இடத்தில் திமிலுக்கு முன்னால் கையை வைத்துத் தடவுவேன். சூடு தெரிகிறதா, தோல் சிலிர்க்கிறதா என்று பார்ப்பேன். காளை சொல்லாது. பூட்டினால் ஓடிவிடும். புண்ணோடும் ஓடும். அது அதன் சுபாவம்.

அப்பா (5:02): பல்லடத்துப் பக்கம் ஒரு பந்தயம். 200 மீட்டர் ஓட்டம். பணம் கட்டியாயிற்று. வண்டியை இறக்கிய பிறகு தடவினேன். ஒரு இடம் சிலிர்த்தது. பூட்டாமல் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

அப்பா (5:04): மாப்பிள்ளை, நீங்கள் தடவிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். இனிமேல் பாருங்கள்.

பாப்பா அப்பா (5:06): சரி மாமா.

அண்ணன் சோமனூர் (5:31): அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. பல்லடத்திலிருந்து வீடு வரை வண்டியில் அழுதுகொண்டே வந்தேன். அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் நம் மயிலைதான் ஜெயிக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அண்ணன் சோமனூர் (5:33): ஆனால் காளையை விற்கவில்லை அப்பா. அது நினைவுக்கு வருகிறது.

அண்ணன் சோமனூர் (5:40): அடுத்த சுற்று எப்போது?

தம்பி (5:42): இன்னும் இரண்டரை வாரம் அண்ணா. நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டோம், திரும்ப வராது.

பாப்பா அப்பா (5:43): அது போகட்டும். அவள் அதில் ஓட்டப் போவதில்லை.

அக்கா பெருந்துறை (5:50): விலாவுக்கு என்று கெட்டியான கவசம் உண்டே, அதைப் போட்டிருந்தாளா?

பாப்பா அப்பா (5:58): போட்டிருந்தது சாதாரணமானது, உள்ளே மெல்லிய பஞ்சு மட்டும். கார்ட் பந்தயத்துக்கென்றே, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்த 8870-2018 என்று ஒரு தரம் இருக்கிறது. அந்த எண் பொறித்ததை வாங்குகிறேன். ஆனால் முதலில் இருக்கை. கவசத்தைப் போட்டுக்கொண்டு அவளை உட்காரவைத்து, பஞ்சு எதுவும் இல்லாமல் இடுப்பு அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். வளர்ந்தால் வளரட்டும், மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி (6:03): புது இருக்கை வந்தால் நான்கு சக்கரத்துக்கும் தராசு வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். முன்னால் 43, பின்னால் 57 என்ற விகிதத்துக்குக் கிட்டத்தில் வரும்படி ஈயத்தை மாற்றி வைக்கிறேன். அந்த ஒரு மாதமும் அந்த வேலைக்கே சரியாக இருக்கும்.

நான் (இரவு 7:45): பாப்பா எழுத வேண்டும் என்கிறாள். என் போனை அவளிடம் கொடுக்கிறேன்.

நான் (7:52): அப்புச்சி, மாமா, பெரியம்மா, அத்தை, நான் எழுதுகிறேன். மாமா, வண்டியை விற்க வேண்டாம். நான் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்துவிட்டேன். பாதையில் வண்டியில் ஏதாவது உடைந்திருந்தால் கறுப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் போட்டதைக் காட்டுவார்கள், கூடவே நம் எண்ணையும் காட்டுவார்கள். அதைப் பார்த்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். அப்பாவிடம் வலிக்கிறது என்று சொல்லத்தான் கஷ்டம். ஆரஞ்சு என்று சொன்னால் கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பாப்பா அப்பா (7:54): ஆரஞ்சு என்று நீ சொன்னால் போதும் அம்மிணி. ஏன் என்று கேட்க மாட்டேன். அன்றைக்கு என்ன செலவு ஆகியிருந்தாலும் வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான் (7:56): சீட்டுப் பணம்?

பாப்பா அப்பா (7:57): அது உன் வேலை இல்லை கண்ணு. அது என் வேலை.

நான் (7:59): அப்புச்சி, அந்த மயிலைக் காளை அப்புறம் ஓடியதா?

அப்பா (8:10): மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தேன். இருபது நாள் கழித்துப் பூட்டினேன். ஓடியது சாமி.

அண்ணன் சோமனூர் (8:14): அடுத்த சுற்றன்று நான் தறியை நிறுத்திவிட்டு வருகிறேன். அவள் ஓட்டாவிட்டாலும் அவளோடு நின்று பார்க்கிறேன். எந்த வளைவில் நிற்க வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

நான் (8:16): கொண்டை ஊசி வளைவு மாமா. தொப்பி கொண்டு வாருங்கள், அங்கே நிழல் கிடையாது.

நங்கை சோமனூர் (8:17): நானும் வருகிறேன். கொள்ளுப் பருப்பும் சோறும் கட்டிக்கொண்டு வரவா, அவளுக்கு வேறு ஏதாவது வேண்டுமா?

அக்கா பெருந்துறை (8:20): முதலில் அவளை மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். மணி எட்டு தாண்டிவிட்டது.