மீட்டெடுத்த 7 கூண்டுக்கோழிகள்: நாட்டுக்கோழிகளோடு எப்போது சேர்க்கலாம்?

கேள்வி (ராசிபுரம் பக்கம், தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்)

அனைவருக்கும் வணக்கம். 9 நாட்களுக்கு முன்பு, முட்டைக்காலம் முடிந்து கழித்த லேயர் கோழிகளை ஏற்றிச் சென்ற வண்டியிலிருந்து எங்கள் ஊர் வளைவில் இரண்டு கூண்டுகள் சரிந்து விழுந்தன. உயிரோடிருந்த 7 கோழிகளை ஓட்டுநரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தோம். எல்லாமே மூக்கு வெட்டிய வெள்ளைக் கோழிகள். கழுத்திலும் வயிற்றிலும் இறகே இல்லை. கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

எங்களிடம் ஏற்கெனவே 16 நாட்டுக்கோழிகளும், 11 குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழியும் இருக்கின்றன. புதியவற்றைப் பழைய மாட்டுக் கொட்டகையில் விட்டிருக்கிறோம். அதற்கும் எங்கள் கோழிக் கூண்டுக்கும் இடையே 12 அடிதான் இருக்கும். முதல் மூன்று நாட்கள் இரு பக்கமும் ஒரே வாளியில் தண்ணீர் வைத்துவிட்டேன். அது தவறு என்று பிறகுதான் உறைத்தது.

இப்போது இருக்கும் தொல்லைகளைச் சொல்கிறேன். ஒரு கோழி வந்த நாளிலிருந்தே எழுந்து நிற்கவில்லை, ஆனால் தீனி தின்கிறது. இன்னொன்று 7ஆம் நாளிலிருந்து தும்முகிறது. அதன் கண்ணோரத்தில் நுரை கட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியிருக்கிறது. 21 நாள் தனியே வைத்தால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். மருந்துக் கடையில் பெயர் ஒட்டாத பொடி ஒன்றைத் தண்ணீரில் கலக்கக் கொடுத்தார்கள், இன்னும் கொடுக்கவில்லை. இவை இடும் முட்டையைச் சாப்பிடலாமா?

பதில் (பெருந்துறை, நாட்டுக்கோழி வளர்ப்பவர்)

வணக்கம் சகோதரி. முதலில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழியை இன்றைக்கே தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தனிமைக் காலம் குறைந்தது 30 நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கோழி வந்த நாளிலிருந்து எண்ணுவதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். நோய்க்குறி தெரிந்த கடைசி நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். 20ஆம் நாளில் ஒரு கோழி தும்மினாலும், இடையில் புதிதாக ஒரு கோழி வந்து சேர்ந்தாலும், எல்லாவற்றுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

12 அடி போதாது. தும்மலில் தெறிக்கும் துளியும் இறகுத் தூசியும் காற்றில் அதைவிடத் தூரம் போகும். இடம் இருந்தால் 50 அடிக்கு மேல், காற்று உங்கள் கூண்டுப் பக்கம் வீசாத திசையில் வையுங்கள். காலையில் முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்து வேலையை முடித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். அங்கிருந்து திரும்பி வந்தால் கைகால் கழுவி, துணி மாற்றாமல் இந்தப் பக்கம் வரக் கூடாது. கொட்டகை வாசலிலேயே ஒரு ஜோடி செருப்பும், அங்கேயே இருக்கும்படி ஒரு வாளியும் துடைப்பமும் வைத்துவிடுங்கள். நாம் கையில் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது நோய் நம் காலில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது.

கூண்டுக்கோழிகளைப் பற்றி இன்னொன்று. நிப்பிளில் (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) குடித்தே வளர்ந்தவை என்பதால் தட்டில் இருக்கும் தண்ணீரைத் தண்ணீர் என்றே அவற்றுக்குத் தெரியாமல் போகலாம். ஒவ்வொன்றின் மூக்கு நுனியையும் இரண்டு மூன்று முறை தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள்.

பதில் (திண்டுக்கல்)

சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள். எங்கள் வீட்டில் கழிச்சல் காலத்தில் அதைத்தான் கொடுப்போம்.

பதில் (ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்)

அம்மா, மேலே சொன்ன அரைப்பைக் கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் அதைக் கொடுத்ததை நம்பி இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள்.

தும்மலும் கண்ணில் நுரையும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் வரும் மூச்சு நோய். முகம் வீங்கி மூக்கிலிருந்து துர்நாற்றம் வந்தால் கொரைசா என்னும் சளி நோயாக இருக்கலாம். கொட்டகையில் நீங்கள் குனிந்து நிற்கும்போது உங்கள் கண்ணே எரிந்தால் அது எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா. உமியை மாற்றிக் காற்றோட்டம் கொடுத்தாலே குறையும். பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது என்பதால் அந்தப் பெயரில்லாத பொடியைக் கொடுக்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, முட்டையை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று எதுவும் தெரியாமல் கொடுத்தால், பிறகு ஆய்வுக்கு மாதிரி எடுத்தாலும் முடிவு சரியாக வராது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. தொண்டையில் பஞ்சால் துடைத்து ஆய்வுக்கு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பண்ணைகளில் மைக்கோபிளாஸ்மாவுக்குத் தடுப்பூசி போடும் வழக்கம் உண்டு என்பதால், இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. அதுவரை நோயுற்ற கோழியின் முட்டையை உண்ண வேண்டாம்.

நிற்காத கோழியின் கால் எலும்புகளை மெல்லத் தடவிப் பாருங்கள். முறிவு இல்லையென்றால் அது பெரும்பாலும் கூண்டுச் சோர்வு. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும் இந்த இனம், தீனியில் குறைந்ததைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. லேயர் தீவனத்தோடு கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். அந்தக் கோழியை மற்றவை மிதிக்காதபடி பஞ்சாரத்தில் அடைத்து, தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்டும்படி வையுங்கள். உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கோழிகளில் எதையும் நம் வழக்கப்படி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காதீர்கள். அந்த எலும்புகள் அதிலேயே முறிந்துவிடும்.

சாம்பல் கட்டிகள் பேனின் ஈருகள். மருத்துவர் சொல்லும் பேன் மருந்தைப் பூசி, 10 நாள் கழித்து மறுபடி பூச வேண்டும். முதல் பூச்சில் ஈரு சாகாது. தும்மும் கோழிக்குச் சாம்பலோ பொடியோ தூவ வேண்டாம்.

இந்தத் தனிமை உங்கள் நாட்டுக்கோழிகளுக்கு மட்டுமான காவல் இல்லை. கம்பி வலைமேல் வாழ்ந்த இந்தக் கோழிகள் மண்ணையே மிதித்ததில்லை. நம் மண்ணில் இருக்கும் ரத்தக்கழிச்சல் கிருமிக்கும் குடற்புழுவுக்கும் எதிர்ப்புச் சக்தி அவற்றுக்கு இருக்காது. நெடுநாள் கோழி மேய்ந்த தரையில் நேரே விடாதீர்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி உங்கள் கோழிகளுக்குப் போட்டாகிவிட்டதா? சளி பிடித்திருக்கும் புதியவற்றுக்கு இப்போது அந்தத் தடுப்பூசியின் சொட்டு மருந்து வேண்டாம், சளி முற்றிவிடும். கோழிகள் திடீரென ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் தொடாமல் கால்நடை உதவி எண்ணான 1962க்கு அழையுங்கள்.

கேட்டவர் (12 நாள் கழித்து)

மிக்க நன்றி ஐயா. எங்கள் கோழிகளுக்குப் பிப்ரவரி மாத இருவார முகாமில் தடுப்பூசி போட்டிருக்கிறோம். புதியவற்றைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டோம். நிற்காத கோழி 16ஆம் நாள் எழுந்தது. மறுநாள் மண்ணைக் கிளறி உடம்பில் இறைத்துக்கொண்டது. நானும் என் மாமியாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தோம்.

தும்மிய கோழியின் மாதிரியில் மைக்கோபிளாஸ்மா இருப்பதாக முடிவு வந்துவிட்டது. மருத்துவர் கொடுத்த மருந்தில் தும்மல் நின்றிருக்கிறது. இப்போதிலிருந்து 30 நாள் எண்ணிவிட்டுச் சேர்க்கலாமா?

பதில் (ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்)

வேண்டாம் அம்மா. 30 நாள் கணக்கு, வந்து போய்விடும் நோய்களுக்கு உரியது. மருந்து மைக்கோபிளாஸ்மாவின் அறிகுறியை அடக்குமே தவிர, கிருமியை உடம்பிலிருந்து முழுவதும் நீக்காது. தேறிய கோழியும் ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கலாம். குளிரிலோ இடமாற்றத்திலோ மீண்டும் வெளிப்படும். ஒரே கொட்டகையில் இருந்ததால் ஏழு கோழிகளையும் அப்படியே கருத வேண்டும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்பதால், அடை வைத்துக் குஞ்சு பொரிக்கும் உங்கள் வீட்டில் இவற்றைச் சேர்ப்பது சரியில்லை.

வாளியை எண்ணிக் கலங்காதீர்கள். கோழியின் உடம்புக்கு வெளியே இந்தக் கிருமி சில நாட்களே தாங்கும். இன்னும் மூன்று நான்கு வாரம் கழித்து உங்கள் நாட்டுக்கோழிகள் சிலவற்றுக்கும் ஆய்வு செய்துவிடுங்கள். அதுவரை புதிதாக அடை வைக்காதீர்கள்.

பதில் (பெருந்துறை, நாட்டுக்கோழி வளர்ப்பவர்)

ஐயா சொல்வதே சரி. இதே நிலையில் இருப்பவர்கள் வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: 30 நாளும் நோயின்றிக் கடந்த கோழிகளைக்கூட உடனே கலக்காமல், கம்பி வலைக்கு இருபுறமும் ஒரு வாரம், பத்து நாள் பார்த்துப் பழக விடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இல்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாக, மாலை வேளையில் விட்டு, தீனித் தட்டை நான்கைந்து இடங்களில் வையுங்கள். மூக்கு வெட்டிய கோழியால் நாட்டுக்கோழியின் கொத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

கேட்டவர்

மனம் ஒப்பவில்லை, ஆனால் புரிகிறது. ஏழு கோழிகளையும் கிணற்றுக்கு அந்தப் பக்கமே தனி வேலி போட்டு வைத்துக்கொள்கிறோம். அங்கே இதுவரை கோழி மேய்ந்ததில்லை. ஒரே ஒரு சந்தேகம்: நான்கு அடி உயரத்தில் கம்பு கட்டியிருக்கிறோம், ஒன்றுகூட ஏறாமல் எல்லாம் மூலையில் குவிந்து படுக்கின்றன.

பதில் (பெருந்துறை, நாட்டுக்கோழி வளர்ப்பவர்)

அவை ஏறிப் பழகவில்லை சகோதரி. ஏறினாலும் அங்கிருந்து குதித்தால் எலும்பு முறியும். கம்பை அவிழ்த்துவிட்டு, அரை அடி உயரத்தில் அகலமான பலகை ஒன்றைப் போடுங்கள். இருட்டியதும் இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி அதன்மேல் உட்கார வையுங்கள். நான்கைந்து நாளில் அவையே ஏறிக்கொள்ளும்.