எக்ஸ்மோடம் மாதிரி அவிழ்த்துவிடுவதா, கெர்மிட் மாதிரி பொத்தி வளர்ப்பதா?

சுழியன்:
செத்துப்போன ரவுட்டர் போர்டு ஒன்னை நேத்து சீரியல் ஒயர் மாட்டி எழுப்பிட்டிருந்தேங்க. போர்டை எழுப்பிவிடுற யூ-பூட்ங்கிற மென்பொருள்ல கோப்பு ஏத்த மூணு கட்டளை இருக்கு: லோட்எக்ஸ், லோட்ஒய், லோட்பி. அதாவது எக்ஸ்மோடம், ஒய்மோடம், கெர்மிட்; ஒயர்லயும் போன் லைன்லயும் கோப்பைக் கட்டுக்கட்டா அனுப்புற பழைய நெறிமுறைங்க. நாற்பது வருசப் பங்காளிச் சண்டை ஒரே பட்டியல்ல உட்கார்ந்திருக்கு.

நான் எக்ஸ்மோடம் கட்சி. வார்ட் கிறிஸ்டென்சன் 1977ல தன்னோட கணினிக்காக எழுதினார்; அதுல ஓடினது சிபி/எம்ங்கிற அந்தக் கால இயங்குதளம். எழுதினதை அப்படியே சிபி/எம் பயனர் குழுவுக்குப் பொதுச்சொத்தா கொடுத்துட்டார். அதுக்கப்புறம் யாரும் யார்கிட்டயும் அனுமதி கேட்கல. ஒருத்தர் பிழை கண்டுபிடிக்கிற சிஆர்சி கணக்கைச் சேர்த்தார். சக் ஃபோர்ஸ்பெர்க் கோப்போட பேரையும் நீளத்தையும் சேர்த்து ஒய்மோடம் ஆக்கினார். கெர்மிட் கதை வேற. கொலம்பியா பல்கலைக்கழகம் பதிப்புரிமையைக் கையிலயே வச்சுக்கிச்சு. நகலெடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். விற்கிற மென்பொருளோட சேர்க்கணும்னா கேட்கணும். முழுசா திறந்துவிட்டது 2011ல, திட்டத்தையே மூடின வருசம். இதுக்குப் பேர் பகிர்வா?

மணியன்:
தம்பி, கெர்மிட் ஏன் பிறந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். 1981இல் கொலம்பியாவில் மாணவர்களுக்கு டெக்-20 பெருங்கணினியில் கிடைத்த வட்டு இடம் மிகக் கொஞ்சம். கோப்புகளை மைக்ரோ கணினிக்கு இறக்கி ஃப்ளாப்பியில் வைத்துக்கொள்ள வழி வேண்டியிருந்தது. அதே வளாகத்தில் ஐபிஎம் மெயின்ஃப்ரேமும் இருந்தது. திரையில் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து ஏதாவது போனால் அது தனக்கு இட்ட உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். எட்டாவது பிட்டைப் பிழை பார்க்கும் பாரிட்டி தின்றுவிடும். கெர்மிட்டை எழுதிய ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் செய்தது இதுதான்: கட்டுப்பாட்டு எழுத்து வந்தால் முன்னால் ஒரு # போட்டு அச்சாகும் எழுத்தாக மாற்றி அனுப்பு; எட்டாவது பிட் இருந்தால் முன்னால் & போடு. எந்த லைனிலும் போகும், எந்த இயந்திரமும் படிக்கும்.

எக்ஸ்மோடமில் ஒரு கட்டுக்கு ஏன் 128 பைட் தெரியுமா? சிபி/எம் ஃப்ளாப்பியின் செக்டார் அளவு அது. தன் வீட்டு அலமாரி அளவுக்கு ஊருக்கே பெட்டி செய்த கதை.

சுழியன்:
பெட்டி சின்னதா இருந்தாலும் சீக்கிரம் போச்சே. 300 பாட் மோடத்துல விநாடிக்கு 30 எழுத்து. தலைப்பு, பிழை பார்க்கிற செக்சம் கூட்டுத்தொகை எல்லாம் சேர்த்து 132 பைட் போகவே நாலரை விநாடி ஆகும். அந்த வேகத்துல உங்க # வேற ஏறினா? 256 பைட் மதிப்புல 66 கட்டுப்பாட்டு எழுத்து. பைனரிக் கோப்பு சுமாரா கால் பங்குக்கு மேல வீங்கும். ஏழு பிட் லைன்னா முக்கால் பங்குக்கு மேல. எஸ்டிடி பில்லை யாருங்க கட்டுறது?

மணியன்:
வேகம் குறைவு என்ற பெயர் கெர்மிட்டுக்கு வந்தது உண்மை. ஆனால் நீண்ட பாக்கெட், அதாவது பெரிய கட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்தடுத்து அனுப்பும் முறை இரண்டும் பிறகு சேர்ந்தன. வணிக மென்பொருள்களில் அடிப்படைக் கெர்மிட்டை மட்டும் அரைகுறையாக எழுதி வைத்தவர்கள் பலர். பயனர் அதைப் பார்த்துவிட்டுக் கெர்மிட்டே இப்படித்தான் என்று முடிவுகட்டினார். வைத்தியர் ஒருவர், பழி இன்னொருவருக்கு.

சுழியன்:
அப்ப பொத்தி வளர்த்தும் அரைகுறை வந்துச்சுல்ல? நான் சொல்றதும் அதுதானுங்க.

மங்கை:
நடுவுல வர்றேன். 90களில் ஒரு அலுவலகத்துல கணினிப் பிரிவுல இருந்தேன், பேர் வேண்டாம். தினமும் சாயங்காலம் கிளைக் கோப்பு எக்ஸ்மோடமில் வரும். மூலக் கோப்பு 1,000 பைட்னா இங்க 1,024. எக்ஸ்மோடம் நீளத்தைச் சொல்லவே சொல்லாதே, 128ன் மடங்குக்கு வால்ல கண்ட்ரோல்-இசட் நிரப்பிடும். டெக்ஸ்ட் கோப்புன்னா பரவாயில்லை. மத்ததுக்கு ராத்திரி உட்கார்ந்து வாலை வெட்டுவோம். பழைய ஒரு பைட் செக்சமும் ஒரு தலைவலி, ரெண்டு பைட் இடம் மாறி வந்தாக்கூட கூட்டுத்தொகை அதேதான்!

அதைவிடக் கொடுமை பேர்க் குழப்பம். 1,024 பைட் கட்டா அனுப்புற எக்ஸ்மோடம்-1கே-வையே பல மென்பொருள் 'ஒய்மோடம்'னு மெனுவில் போட்டிருக்கும். இந்தப் பக்கமும் ஒய்மோடம், அந்தப் பக்கமும் ஒய்மோடம், ஆனா ரெண்டும் பேசாது. ஃபோர்ஸ்பெர்க்கே இதைப் பத்திக் குறைபட்டிருக்கார். சுழியன் தம்பி, 'யாரும் கேட்க வேண்டாம்'னு விட்டா இதுவும் சேர்ந்தேதான் வரும்.

மணியன் சார், உங்களுக்கும் ஒன்னு. கெர்மிட்டை ஏதோ ரெண்டு பேர் பொத்தி வளர்த்த மாதிரி பேசறீங்க. நூத்துக்கணக்கான இயந்திரங்களுக்கான பதிப்புல பெரும்பாலானது வெளியாட்கள் எழுதி அனுப்பினது. கொலம்பியா அதையெல்லாம் காந்த நாடாவில் ஏத்தி, நாடாச் செலவை மட்டும் வாங்கிக்கிட்டு, கேட்டவங்களுக்குத் தபாலில் அனுப்பிச்சு. நெறிமுறையையும் 1984ல பைட் பத்திரிகையில் ரெண்டு மாசம் பிரிச்சு எழுதிட்டாங்க. மூடி வச்ச பொருளா அது?

மணியன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாடா வேலைக்கு ஒரு முகவரி வேண்டியிருந்ததே, அதுதான் என் வாதம்.

சுழியன்:
அக்கா, குழப்பம் இருந்துச்சு, மறுக்கல. ஆனா அந்தக் குழப்பத்துல இருந்துதான் 1986ல இசட்மோடம் வந்துச்சு. எழுதினது அதே ஃபோர்ஸ்பெர்க், காசு கொடுத்தது டெலிநெட்ங்கிற பாக்கெட் வலை நிறுவனம். கட்டுக்குக் கட்டு பதிலுக்கு நின்னா பாக்கெட் வலைல நேரமெல்லாம் காத்திருப்புலயே போயிடும்னு அவங்களுக்குப் பட்டிருக்கு. லைன் அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். அதையும் பொதுச்சொத்தா விட்டுட்டாங்க. கொலம்பியா வாசல்ல வரிசைல நின்னிருந்தா இது நடந்திருக்குமா?

மங்கை:
அது சரி. நேத்து போர்டுக்கு எதுல ஏத்தின தம்பி?

சுழியன்:
முதல்ல லோட்எக்ஸ். நாலு எம்பி சொச்சம், 115200ல ஆறு நிமிசத்துக்கு மேல ஆச்சு. ஏறிடுச்சு, ஆனா கோப்போட அளவு ஒத்துவரல, சரிபார்ப்புல தோத்துடுச்சு. அப்புறம் லோட்ஒய் போட்டேன். அதுல நீளம் முதல் கட்டுலயே வந்துடுதுல்ல…

மணியன்:
வாலில் கண்ட்ரோல்-இசட் எத்தனை இருந்தது என்று எண்ணினீர்களா தம்பி?