கும்மிப் பாட்டு வீடியோ: கைத்தட்டு தாளத்தோடு சேர மாட்டேங்குது, யாராவது சொல்லுங்க

கோபிப் பையன்:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கமுங்க. கல்லூரி ஆண்டு விழாவுக்குக் கும்மிப் பாட்டு ஒன்று எடுத்திருக்கிறோம், 4 நிமிடம். கோபி பக்கம் ஒரு ஊர்க் களத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, 16 பேர் ஆட, போனிலேயே ஷூட் செய்தோம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் பாட்டோடு சேர்த்து வைத்தால் முதல் அடியில் கைத்தட்டு கச்சிதமாக விழுகிறது, இரண்டாவது சரணம் வருவதற்குள் அரை விநாடி தள்ளிப் போய்விடுகிறது. வேறு பாட்டாக இருந்தால் மழுப்பிவிடலாம், கும்மியில் 32 கையும் ஒரே நேரத்தில் தப்பாகத் தட்டினால் எப்படி இருக்கும்? போதாததற்கு 8 ஜிபி ராம் லேப்டாப் நேற்று இரண்டு தடவை தொங்கி, ஒரு ராத்திரி வேலை போச்சு.

சென்னிமலைக்காரன்:
ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் வில்லன். சத்தம் லேட்டாக வரும். ஒயர் போட்டிருக்கணும்.

கல்யாண வீடியோக்காரன்:
இல்லைங்க. ஸ்பீக்கர் லேட்டானால் ஆடுகிறவர்களுக்கும் கேமராவுக்கும் சேர்ந்தே லேட்டாகும். இது போகப் போக விலகுகிறது, அதுதான் துப்பு. தம்பி, எல்லா ஷாட்டும் இப்படியா, சிலது மட்டுமா?

கோபிப் பையன்:
இப்போதுதான் பார்த்தேனுங்க. காலையில் எடுத்தது சரியாக இருக்கிறது. பொழுதோட எடுத்தது மட்டும்தான் விலகுகிறது!

கல்யாண வீடியோக்காரன்:
நினைத்தேன். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, குறைத்துக்கொள்ளும், 30 என்று போட்டிருந்தாலும் 24க்கும் கீழே இறங்கி ஏறும். அதனால்தான் போகப் போக விலகுகிறது. கோப்பின் விவரம் காட்டுகிற மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து பார், ஃபிரேம் ரேட் மோடு வேரியபிள் (மாறிக்கொண்டிருப்பது) என்று இருக்கும். வீடியோவை மாற்றித் தருகிற ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம்ரேட், 30, ஆர்எஃப் (படத் தரம்) 18 என்று வைத்து மாற்று. கோப்பு பெருசாகும், ஆகட்டும். ரிசால்வில் பழைய கிளிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வை. லேப்டாப் தொங்காமல் இருக்க பிராக்ஸி (எடிட்டிங்குக்கான லேசான நகல்) செய்துகொண்டு வெட்டு, லைவ் சேவ் (தானாகச் சேமிப்பது) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். நானும் ஒரு மாரியம்மன் நோம்பி வீடியோவில் இதே மாதிரி மாட்டி, மூன்று நாள் பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை ஃபிரேம் ரேட்டைப் பூட்டுகிற கேமரா ஆப்பில் எடுங்கள்.

கோபிப் பையன்:
அண்ணா, சேர்ந்துடுச்சுங்க! மீடியாஇன்ஃபோவில் குறைந்தபட்சம் 17 என்று காட்டியது. மாற்றி வைத்ததும் கடைசிச் சரணம் வரை கைத்தட்டு தாளத்தில் விழுகிறது. ஒரே ஒரு ஷாட் மட்டும், தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி எடுத்த அகல ஷாட், கை முன்னாடி தட்டுகிறது, சத்தம் பின்னாடி வருகிறது. ஆனால் விலகவில்லை, கடைசி வரை அதே இடைவெளி.

கல்யாண வீடியோக்காரன்:
ஸ்பீக்கர் எவ்வளவு தூரம்?

கோபிப் பையன்:
35 மீட்டர் இருக்குமுங்க.

கல்யாண வீடியோக்காரன்:
அப்போ சரி. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் சுமாராகப் போகும், அந்தத் தூரத்துக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கேமரா மைக்கின் சத்தத்தை வைத்துச் சேர்த்திருப்பாய், அதனால் படம் முந்துகிறது. அந்தக் கிளிப்பை மட்டும் மூன்று ஃபிரேம் வலப்பக்கம் தள்ளு.

சென்னிமலைக்காரன்:
ஸ்பீக்கர் தப்பிச்சுது. முடிந்ததும் லிங்க் போடு தம்பி, பார்க்கிறோம்.