டிஸ்லெக்ஸியா பையனுக்கு ஸ்பெஷல் எஜுகேட்டர் வேணும், தாம்பரம் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். பையன் அஞ்சாவது படிக்கிறான், டிஸ்லெக்ஸியான்னு (எழுத்துக்கூட்டிப் படிக்க, எழுத சிரமப்படுற கற்றல் குறைபாடு) அசெஸ்மென்ட்ல உறுதியாயிடுச்சு. கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவான், ஆனா 'கொடி'ன்னு எழுதச் சொன்னா கொம்பு எங்க கால் எங்கன்னு பென்சிலை வச்சிக்கிட்டு முழிக்கிறான், பாக்கவே மனசு தாங்கல. இப்ப போற டியூஷன்ல இம்போசிஷன் எழுத வைக்கிறாங்க, அது இவனுக்கு சுத்தமா உதவாது. சத்தத்தைப் பிரிச்சு, மணல்ல எழுத வச்சு, பொறுமையா சொல்லித் தர்றவங்க யாராச்சும் தெரியுமா? மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்ல ட்ரெய்னிங் எடுத்தவங்கன்னா ரொம்ப நல்லது.

இன்னொண்ணு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே டிஸ்லெக்ஸியாவும் இருக்குன்னு சொல்லியும், பரீட்சையில எக்ஸ்ட்ரா டைமெல்லாம் பத்தாவதுக்கு வரட்டும் பாக்கலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க. சின்ன கிளாஸ்லயே கேட்டு வாங்குனவங்க இருந்தா லெட்டர்ல என்ன எழுதுனீங்க, என்ன சர்டிஃபிகேட் வச்சீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.