வகைக்குறிப்புகளைத் தாமதமாக மதிப்பிடும் பைத்தானில் நீங்கள் இடறிய இடம்

பின்புல நிரலர்:
இரண்டு ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். மரவமைப்பின் முனை வகுப்பு, தன் வகைக்குறிப்பில் (ஒரு புலம் எந்த வகை மதிப்பைத் தாங்கும் என்று சொல்லும் குறிப்பில்) தன்னையே சுட்ட வேண்டியிருந்தது. வகுப்பு உருவாகி முடியும் முன் அதன் பெயர் தெரியாது என்பதால், பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதியிருந்தேன். கோப்பின் தலையில், குறிப்புகளை உடனே மதிப்பிடாமல் தள்ளிப்போடும் ஃபியூச்சர் இம்போர்ட் வரியைச் சேர்த்து, மேற்கோள் குறிகளை நீக்கினேன். சோதனைகள் அனைத்தும் தேறின. அதே கோப்பில் ஒரு ஃபங்ஷனுக்குள் சிறு வகுப்பொன்றும், அதைப் புலமாகக் கொண்ட இன்னொரு வகுப்பும் இருந்தன என்பதையும், அவற்றைத் தொடும் சோதனையே இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. எங்கள் சரிபார்ப்பான், குறிப்புகளை உண்மையான வகைகளாக மாற்றித் தரும் கெட் டைப் ஹின்ட்ஸை அழைத்துத்தான் புலங்களின் வகைகளை அறியும். அன்று அது, பெயர் தெரியவில்லை என்னும் நேம் எர்ரர் பிழையை எழுப்பியது. இல்லை என்று அது சொன்ன வகுப்போ மூன்று வரிகளுக்கு மேலே என் கண்ணெதிரில் இருந்தது. வகுப்பின் குறிப்புகளைத் தாங்கும் அனொட்டேஷன்ஸ் அகராதியை அச்சிட்டுப் பார்த்தபோது, ‘இன்ட்’ என்பதைச் சுற்றியும் மேற்கோள் குறிகள் நின்றன. நான் வகை என்று நம்பியிருந்த ஒவ்வொன்றும் வெறும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாக, மாறியிருந்தது. அந்தக் குறிகளைப் பார்த்த கணம் இன்னும் மறக்கவில்லை.

இணையச் சேவை நிரலர்:
எனக்கும் அதே பிழைதான், காரணம் வேறு. இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்து சிக்கிக்கொண்டதால், ஒன்றை, வகைச் சரிபார்ப்பின்போது மட்டும் இம்போர்ட் ஆகும் டைப் செக்கிங் நிபந்தனைக்குள் ஒதுக்கினேன். வகைச் சரிபார்ப்புக் கருவியான மைபை ஒரு குறையும் சொல்லவில்லை. இயக்கிய பின் வந்த முதல் கோரிக்கையிலேயே சேவை விழுந்தது.

நூலகப் பராமரிப்பாளர்:
முதலில் எழுதியவர் தாமத மதிப்பீட்டையே குறை கூறுவதாகத் தோன்றுகிறது. அதை நான் ஏற்கவில்லை. தாமதிப்பது சரியான எண்ணமே. ஸ்ட்ரிங்காக மாற்றியதுதான் தவறு. 2018 இல் வெளிவந்த பைத்தான் 3.7 பதிப்பில், பெப் 563 என்ற மாற்ற முன்மொழிவின்படி, குறிப்பின் எழுத்துகள் மட்டுமே சேமிக்கப்பட்டன. அவை எந்த ஃபங்ஷனுக்குள் பிறந்தன என்ற நினைவு ஸ்ட்ரிங்குக்குக் கிடையாது. ஆகவே கெட் டைப் ஹின்ட்ஸ் மாட்யூலின் பெயர்களுக்குள் தேடிவிட்டுக் கைவிரிக்கிறது. 3.10 இல் இதையே இயல்பு நடத்தையாக்க எண்ணியிருந்தார்கள். இயங்கும் நேரத்தில் வகைகளைப் படிக்கும் பைடான்டிக் போன்ற நூலகங்கள் உடையும் என்ற எதிர்ப்பு எழுந்ததால் 2021 இல் அதைத் தள்ளிவைத்தார்கள். அந்த வாரம் என் நூலகத்தின் சோதனைகளும் சிவந்து கிடந்தன. என் அனுபவம் அவ்வளவே. லாரி ஹேஸ்டிங்ஸ் முன்வைத்த பெப் 649 வேறு வழியில் செல்கிறது: குறிப்புகளைக் கணக்கிடும் சிறு ஃபங்ஷன் ஒன்றைத் தொகுப்பி உருவாக்கி வைக்கிறது, யாராவது கேட்கும்போதுதான் அது இயங்குகிறது, தான் பிறந்த சூழலின் உள்பெயர்களையும் அது அறியும். 2025 அக்டோபரில் வந்த 3.14 இல் இதுவே இயல்பு நடத்தை. ஆகவே 3.14 க்கு மாறுங்கள், ஃபியூச்சர் வரியை அகற்றுங்கள். அந்த வரி இருக்கும் கோப்பில் பழைய ஸ்ட்ரிங் நடத்தையே தொடரும். இரண்டாமவருக்கு மட்டும் இது போதாது: இயக்கத்தில் இம்போர்ட் ஆகாத பெயரை மதிப்பாகக் கேட்டால் இன்றும் நேம் எர்ரர்தான் வரும். குறிப்புகளைப் படிப்பதற்கான அனொட்டேஷன்லிப் மாட்யூலின் ஃபார்வர்ட்ரெஃப் வடிவத்தில் கேட்டால், தெரியாத பெயருக்குப் பதிலிப் பொருள் ஒன்று கிடைக்கும். தெரிந்தவை உண்மையான வகைகளாகவே வரும்.

மெட்டாகிளாஸ் எழுதியவர்:
மேலே சொன்ன விளக்கம் சரி. “மாறுங்கள்” என்று அவ்வளவு எளிதாகச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வகுப்புகளையே உருவாக்கும் வகுப்பான எங்கள் மெட்டாகிளாஸ், வகுப்பு உருவாகும்போது அதன் பெயர்வெளியிலிருந்து அனொட்டேஷன்ஸ் சாவியை எடுத்து, அது இல்லையெனில் வெற்று அகராதியைக் கொள்ளும்படி எழுதப்பட்டது. 3.14 இல் அந்தச் சாவியே அங்கு இருப்பதில்லை. குறிப்புகளைக் கணக்கிடும் ஃபங்ஷன் மட்டுமே இருக்கிறது. ஆகவே பிழை எதுவும் எழவில்லை. ஒரு புலம்கூட இல்லாத வகுப்புகள் அமைதியாக உருவாகின. ஏழு புலங்கள் இருக்க வேண்டிய பொருள் திரையில் வெற்று அடைப்புக்குறிகளாக வந்து நின்றது. உங்கள் இருவருக்கும் கிடைத்த நேம் எர்ரர் கோப்பையும் வரியையும் காட்டிக்கொடுத்தது. எனக்கு அதுவும் இல்லை. அனொட்டேஷன்லிப் வழியாகப் பெயர்வெளியிலிருந்து அந்த ஃபங்ஷனை எடுத்து அழைக்கும்படி மாற்றியெழுதிய பிறகே புலங்கள் திரும்பின.

பின்புல நிரலர்:
நான் தாமத மதிப்பீட்டைக் குறை சொல்லவில்லை. மேற்கோள் குறிகளைத்தான் சொன்னேன். எங்கள் சேவை இன்னும் 3.11 இல் இருப்பதால், அந்தச் சிறு வகுப்பை ஃபங்ஷனிலிருந்து மாட்யூல் மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் பிழையைத் தீர்த்தேன்.