சீலியாக் இருந்தும் எடை ஏறுகிறதே?

கேள்வி: சீலியாக் (கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் சேராமல் குடலைக் கெடுக்கும் நோய்) என்று தெரிந்ததிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்று அதையும் மாற்றியாயிற்று. வயிற்றுப்போக்கு நின்றது, சரி. ஆனால் ஜாக்கெட்டெல்லாம் கையில் பிடிக்கிறது. அதே இட்லி, சோறுதான், அளவு கூடவில்லை. ஏன்?

பதில்: அளவு குறையாததுதான் காரணமாக இருக்கும், அக்கா! முன்பு குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற முளைகள்) சிதைந்து, சாப்பிட்டதில் ஒரு பகுதி ஒட்டாமலே போனது. இப்போது அவை ஆறிவர, அதே சோறு முழுசாகச் சேர்கிறது.

பதில்: தைராய்டு பார்த்தீர்களா? அது குறைவாகச் சுரந்தாலும் எடை ஏறும். அந்தக் குறைபாடும் சீலியாக் போலவே பெரும்பாலும் தன்னெதிர்ப்பு நோய்தான் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவது), சேர்ந்து வருவதுண்டு.

கேட்டவர்: முடியும் கொட்டுகிறது. நாளைக்கே டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கிறேன். கேழ்வரகு, கம்பு சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் மில்லில் கொடுக்காதீர்கள். கோதுமை அரைத்த அதே மெஷினில்தான் போடுவார்கள். மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.