கல்லூரி வேலையை விட்டு, மென்பொருள் கையேடுகள் எழுதும் டெக்னிக்கல் ரைட்டிங்குக்கு வந்தவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

பழைய வாத்தியார்:
இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். வகுப்பெடுப்பது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பாதி வேலை, கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்புகள்தான். மே மாதம் வந்தால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்கப் போக வேண்டும். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போகலாமா என்று 2021-இல் விசாரித்தேன். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இலேயே சொல்லியிருந்தது. இங்கே தந்ததோ அதில் பாதிகூட இல்லை. அப்புறம்தான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ரைட்டராகச் சேர்ந்தேன்.

ஆய்வேடு எழுதிப் பழகிய கை இங்கே உடனே உதவாது. அங்கே முன்னுரை, பின்னணி எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம். இங்கே படிப்பவர் கையில் மவுஸ் இருக்கிறது; படிக்கப் படிக்கச் செய்துகொண்டே போவார். 'கோப்பை நீக்கவும். அதற்கு முன் பேக்கப் எடுக்கவும்' என்று எழுதினால், இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் கோப்பு போயிருக்கும். நிபந்தனையை முதலில் வை, கட்டளையைப் பிறகு வை என்று கூகுளின் ஸ்டைல் கைடு (எழுத்து நடைக் கையேடு) சொல்வது இதற்காகத்தான்.

கைகொடுத்தது வகுப்பறைதான். எந்த வரியில் கடைசி பெஞ்சுப் பையன் முழிப்பான் என்று தெரிந்தவருக்கு, டெவலப்பரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். 'இது எல்லாருக்கும் தெரியுமே' என்று அவர்கள் தாண்டிப் போகிற இடத்தில்தான் பயனர் மாட்டிக்கொள்வார்.

ஒரு குறை உண்டு. எழுதியதில் நம் பெயர் இருக்காது. அடுத்த ரிலீஸில் அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம். கட்டுரை, சைட்டேஷன் என்று வாழ்ந்தவர்களுக்கு இது உறுத்தும்.

மதுரைக்காரி:
சார், எனக்குப் பெயர் உறுத்தவே இல்லை, சம்பளம்தான் உறுத்தியது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஃபில்., அதற்கு மேல் பல வருட ஆசிரியப் பணி. எல்லாம் இருந்தும் ஃப்ரெஷர் கணக்கில்தான் எடுத்தார்கள். டீம் லீட் என்னைவிடச் சின்னப் பெண். ஒரு தகவலை ஒரே இடத்தில் எழுதிப் பல கையேடுகளில் பயன்படுத்தும் டிடா முறையை அவளிடம்தான் கற்றேன். எச்.ஓ.டி. முன்னால் நின்றபடியே பேசிப் பழகிய எனக்கு, ரிவ்யூவில் அவள் சொன்னதை மறுத்துப் பேசலாம் என்பதே புதிது!

அப்புறம், என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி தராமல் இழுத்தடித்தது தனிக்கதை. ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.

நெட் பாஸ்:
நானும் வரலாம் என்றிருக்கிறேன் அக்கா. டெக்னிக்கல் ரைட்டர்களுக்கான அமெரிக்க அமைப்பான எஸ்டிசி (STC) தரும் சான்றிதழ் வாங்கினால் பயன் உண்டா?

பழைய வாத்தியார்:
1953-இல் தொடங்கிய அந்த அமைப்பையே 2025 ஜனவரியில் மூடிவிட்டார்கள் தம்பி. கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம், அதை முடியுங்கள். பிறகு, யாரும் பங்களிக்கக்கூடிய ஏதாவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் நிறுவும் வழிமுறையை எடுத்து, அதில் எழுதியிருக்கிறபடியே உங்கள் லேப்டாப்பில் செய்து பாருங்கள். எங்கே நின்றுபோகிறதோ அந்த இடத்தைத் திருத்தி, அத்தகைய மென்பொருள்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் அனுப்புங்கள். முதல் வரைவை ஏஐ நொடியில் எழுதித் தந்துவிடும். அது சொல்கிற பட்டன் திரையில் இருக்கிறதா என்று பார்ப்பவரைத்தான் நேர்காணலில் தேடுகிறார்கள்.